பத்து வயதுப் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்? நடன ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் குழந்தைகளுக்கு நடனம் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

சனிக்கிழமை காலை மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, ஆல்பேட்டை தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று புதுச்சேரிக்குப் போகிறவள் நான். மடியில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் என் மகளின் பாலே செருப்பு, ஒரு துண்டு, டப்பாவில் இட்லி. அவளுக்கு 12 வயது, போன வருஷம்தான் பாலே என்கிற ஐரோப்பிய நடன வகுப்பில் சேர்ந்தாள். அவள் தம்பிக்கு 5 வயது. அவன் கடலூரிலேயே, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறான். வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஒரு நடன வகுப்பின் வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை வகுப்பில் சேர்க்கும்போது அதன் வயது என்ன, இதுவரை எவ்வளவு கற்றிருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுங்கள். புதுசு என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை நாலு வயதுக் குழந்தைகளோடு நிறுத்தாதீர்கள். உயரமாக இருக்கிறாள் என்பதற்காக அதே பிள்ளையை ஆண்டு விழாவுக்குப் பெரியவர்கள் வரிசையில் தூக்கிப் போடாதீர்கள். என் மகளுக்கு இந்த இரண்டும் நடந்தது, பாலேக்கு முன்னால் அவள் போய்க்கொண்டிருந்த ஒரே பரதநாட்டிய வகுப்பில், எட்டு மாதத்துக்குள்.

அந்த வகுப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே சொல்லித் தருகிறவர் நல்ல கலைஞர், அதிலும் சந்தேகமில்லை. என் மகள் அங்கே சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. 'பிகினர்ஸ் பேட்ச்' என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்த பேட்ச்சில் எல்லாருமே எல்கேஜி, யுகேஜி குழந்தைகள். பாதிப் பேருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அவர்களுக்கு நடுவில் என் பெண் ஒரு தென்னங்கன்று மாதிரி நின்றாள். குழந்தைகள் சிரித்துக்கொண்டு சுற்றி வர, இவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, துப்பட்டா முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். 'தெய்யா தெய்' என்று சொல்லிக் காலைத் தட்டுகிற முதல் பாடமான தட்டடவு அவளுக்கு இரண்டாவது நாளே வந்துவிட்டது. ஆனால் குழந்தைகளுக்கு வரும்வரை அதே தட்டடவில் மூன்று மாதம் நின்றாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் மக்கா?" என்று கேட்டாள். பத்து வயதில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்வியா அது?

அப்புறம் ஆண்டு விழா வந்தது. மேடையில் பின்வரிசைக்கு உயரமான பிள்ளைகள் குறைந்தார்கள். இவளை இழுத்து, ஐந்தாறு வருஷம் ஆடியவர்களோடு, கச்சேரியின் கடைசியில் வேகமாக ஆடுகிற ஒரு தில்லானாவில் நிறுத்தினார்கள். மூன்று வாரம், தினமும் இரண்டு மணி நேரம், கிரானைட் தரையில் ப்ராக்டீஸ். அவளுக்கோ ஒரே சந்தோஷம். எனக்கும்தான், மறைப்பானேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கி வந்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். முட்டிச்சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே, எலும்பின்மேல், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. லேசாகத் தொட்டதற்கே துடித்துவிட்டாள்.

எலும்பு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தொடையின் முன்தசை முட்டிச்சில்லைத் தாண்டிக் கீழே வந்து, கால் எலும்பின் மேல்முனையில் ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அந்த இடம் கெட்டி எலும்பு. வளர்கிற வயதில் அது இன்னும் குருத்தெலும்புதான். உட்கார்ந்து எழுந்து குதிக்கும்போதெல்லாம் தசை அந்தக் குருத்தை இழுக்கிறது. ஓரளவுக்கு மேல் போனால் அது வீங்கிப் புடைக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர் சொன்னார். பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள், திடீரென்று உயரம் போடுகிற பிள்ளைகளுக்கு, அதுவும் ஓடி ஆடுகிறவர்களுக்கு, சாதாரணமாக வருவதுதானாம். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். சரியாகிவிட்டது. ஆனால் அவள் அந்த வகுப்புக்குத் திரும்பப் போகவில்லை. சலங்கை வாங்க என்று உண்டியலில் சேர்த்த காசை எடுத்து ஒரு நாள் தம்பிக்கு சைக்கிள் பெல் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. வகுப்பைப் பிரித்து நடத்தியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று நம்புகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வயதுக் குழந்தையால் ஒற்றைக் காலில் சில நொடி நிற்க முடியும், நொண்டியடிக்க இப்போதுதான் பழகியிருக்கும். கால் மாற்றி மாற்றித் துள்ளி ஓடுவது பலருக்கு ஐந்து, ஆறு வயதில்தான் கைவரும். அந்தக் குழந்தையை, முட்டியை இரண்டு பக்கமும் விரித்து மடக்கி நிற்கிற அரைமண்டியில் அமுக்கி உட்கார வைத்து, மூன்று வேகத்திலும் தட்டு என்றால் அது என்ன செய்யும்? பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, முட்டியை முன்னால் பார்க்க வைத்துக்கொண்டு நிற்கும். அரைமண்டியின் திருப்பம் இடுப்புமூட்டிலிருந்து வர வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முட்டி மடங்கும்போது அது பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நாற்பது குழந்தைகள் நிற்கிற கூடத்தில் அதை யார் குனிந்து பார்ப்பது? ஆகவே அந்த வயதுக்குத் தாளம் தட்டி நடப்பது, யானையாக மயிலாக ஊர்ந்து பறப்பது, தாளச் சொற்கட்டைக் கைதட்டிச் சொல்வது, இவை போதும். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம். என் மகனின் இப்போதைய டீச்சர் அப்படித்தான் செய்கிறார். வீட்டில் அவன் தட்டில் தோசை விழும் வரைக்கும் 'தத் தெய் தா ஹா' சொல்லிக்கொண்டு இருக்கிறான். அடவு என்கிற அடிப்படை அசைவு இன்னும் ஒன்றுகூட முழுசாக வராது. தாளம் மட்டும் தப்புவதே இல்லை.

பையனுக்கு எதற்கு டான்ஸ் என்று கேட்கிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு. ஆடல்வல்லான் கோயில் கொண்டிருக்கிற சிதம்பரம் இந்தக் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே கோபுர வாயில்களில் நடன நிலைகளான 108 கரணங்களும் கல்லில் நிற்கின்றன. அதற்குமேல் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல.

இனி பாலே. புதுச்சேரியில் பாலே என்றால் ஏதோ வெள்ளைக்காரத் தெருவின் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். மகள் முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'ப்ளியே' என்று சொல்லி முட்டியை மடக்கிக் காட்டினாள். எதிர்வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த புதுச்சேரி சொல்தா குடும்பம், மகளோடு இருக்கக் கடலூர் வந்தவர். அவர் திண்ணையிலிருந்தே சொன்னார்: "ப்ளியேன்னா மடக்கினதுன்னு அர்த்தம் பாப்பா. தான்துய்ன்னா நீட்டினது. ரெலவேன்னா தூக்கினது." உலகம் முழுக்கப் பாலேயை பிரெஞ்சுச் சொற்களில்தான் கற்பிக்கிறார்கள். இத்தாலியப் பிரபுக்களின் விருந்து மண்டபங்களில் பிறந்து, பிரெஞ்சு அரசவையில் வளர்ந்த ஆட்டம் அது. 1661-இல் பதினான்காம் லூயி பாரிஸில் நடனத்துக்கென்றே ஒரு கழகம் அமைத்தான். பாதத்தின் ஐந்து நிலைகளும் அந்தக் காலத்தில்தான் வரையறை ஆயின. மகள் ப்ளியே செய்வதைப் பார்த்தபோது எனக்கு அரைமண்டிதான் நினைவுக்கு வந்தது. இதிலும் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், முட்டி விரலுக்கு நேராக வர வேண்டும். ஊரும் பேரும் வேறு, முட்டிக்குள் இருக்கிற குருத்து ஒன்றேதான்.

அந்த வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் டீச்சர் என் மகளிடம் ஒரு அடவோ அசைவோ செய்யச் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து, இரண்டு பாதத்தையும் நனைத்துக்கொண்டு உலர்ந்த சிமெண்டுத் தரையில் நடந்துவரச் சொன்னார். பிறகு என்னையும் கூப்பிட்டு, அந்த ஈரத் தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வலது கால் தடத்தில் நடுவில் வளைவு தெரிந்தது. இடது கால் தடம் ஏறக்குறைய முழுசாகத் தரையில் பதிந்திருந்தது. "இந்தக் கால் உள்பக்கமா சாயுது, அதனாலதான் அந்த முட்டிக்கு வேலை அதிகம்" என்றார். தடம் காய்வதற்குள் அவ்வளவையும் சொல்லி முடித்தார். எந்த முட்டியில் வலி வந்தது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. இடது முட்டிதான்.

அவளை எங்கே சேர்த்தார் என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். அவரிடம் தொடக்க நிலையிலேயே இரண்டு வகுப்பு உண்டு. ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஒன்று, பத்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்னொன்று. சொல்லித் தருகிற அசைவு ஏறக்குறைய ஒன்றேதான், விதம்தான் வேறு. சின்னவர்களிடம், "தவளை எப்படி உட்காரும்?" என்று கேட்கிறார். பெரியவர்களிடம் எந்த எலும்பு எங்கே திரும்புகிறது என்று விளக்குகிறார். பத்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் சொன்னால் புரியும், புரிந்தால் சீக்கிரம் வரும். குழந்தை மூன்று மாதத்தில் கற்பதை அது மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளும். அது பெரிய அளவில் கூட்டம் சேர்க்கிற வகுப்பு இல்லை. என் மகளோடு சேர்த்து அந்த நிலையில் ஆறே பேர். அத்தனை பேரும் தோளை நிமிர்த்தி நிற்கிறார்கள்.

பாலேயில் பாயிண்ட் ஷூ என்று ஒன்று இருக்கிறது. முனையில் கெட்டித் தொப்பி வைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் விரல் நுனியில் நிற்பார்கள். போன மாதம் ஒரு அம்மா, தன் எட்டு வயது மகளுக்கு ஆன்லைனில் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ரோஸ் கலர், சாட்டின் நாடா, பார்க்க அவ்வளவு அழகு. டீச்சர் அதை வாங்கி, டப்பாவிலேயே வைத்து, திருப்பிக் கொடுத்தார். சின்ன வயதில் பாத எலும்புகள் இன்னும் முழுசாகக் கெட்டியாகியிருக்காது, பன்னிரண்டு வயதுக்குமுன் நான் யோசிக்கவே மாட்டேன், அப்போதும் வயது மட்டும் போதாது, சில வருஷப் பயிற்சி வேண்டும், கணுக்காலிலும் வயிற்றிலும் வலு வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு வருத்தம்தான். எனக்கோ எழுந்துபோய் அந்த டீச்சரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என் மகளுக்கு வயது 12 ஆகிவிட்டது, பயிற்சி ஒரு வருஷம்தான். அவளுக்கும் இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

இப்படி வயதையும் நிலையையும் பிரிப்பது யாரோ ஒருவரின் தனி விருப்பம் இல்லை. லண்டனில் 1920-இல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் உலகெங்கும் பாலே தேர்வு நடத்துகிறது. அதில் ஆரம்ப நிலைக்கு 5 வயது, அடுத்ததற்கு 6, முதல் கிரேடு தேர்வுக்கு 7, ஆறாம் கிரேடிலிருந்து 11 என்று குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறார்கள். நம் அரசாங்கமும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கலைகள் சொல்லித் தருகிற தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டியம் மூன்று வருஷப் படிப்பு, அதில் சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். நம் பரதத்திலேயே தஞ்சை நால்வர் என்கிற நான்கு சகோதரர்கள் கட்டித் தந்த வரிசை இருக்கிறதே. அலாரிப்பில் தொடங்கி, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று ஏறி, தில்லானாவில் முடிகிற மார்க்கம். உடம்பைச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோகிற வரிசை அது. ஒரு மாலைக் கச்சேரிக்கே அவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள். தட்டடவு தாண்டாத பிள்ளையைத் தில்லானாவில் நிறுத்த எப்படி மனசு வருகிறது?

"லேட்டா வந்துட்டீங்க" என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள், அதன் காதில் விழுகிறது. பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி 1904-இல் பிறந்தவர். ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கியபோது இருபது வயதைத் தாண்டியிருந்தார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவா தூண்டிய பிறகுதான் பரதம் கற்கப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்தார். மேடை ஏறியது 1935-இல், 31 வயதில். அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். 12 வயதில் வாசலில் வந்து நிற்கிற பிள்ளையிடம் லேட் என்று சொல்லும்முன் இதை ஒரு நிமிஷம் நினையுங்கள்.

இதோடு இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. திருவந்திபுரம் எங்களுக்குப் பக்கத்துக் கோயில். 1838-இல் அந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்த ஐந்து ஆடல் மகளிரை, வாத்தியக்காரர்களோடு, ஒரு பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டுப் பாரிஸுக்குக் கூட்டிப் போனார். அமனி என்று அங்கே அறியப்பட்ட இளம்பெண்ணைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள், அவளுக்குச் சிலைகூட வடித்தார்கள். அந்த ஐந்து பேரில் கடைசி ஒரு சின்னக் குழந்தை, ஆறு வயது. கடல் கடந்து, குளிர் ஊரில், பெரியவர்களின் கச்சேரியில் அந்தக் குழந்தையும் ஆடியிருக்கிறது. அந்தக் கோயிலில் தேவநாதனைச் சேவித்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம் எனக்கு அமனியைவிட அந்தக் குழந்தையின் நினைப்புத்தான் வரும். ராத்திரி அதற்குக் கால் வலித்திருக்குமா? யார் பிடித்துவிட்டிருப்பார்கள்?

தரையைப் பற்றி ஒன்று. கிரானைட், டைல்ஸ், மொட்டை மாடித் தளம், இவற்றில்தான் நம் வகுப்புகள் பெரும்பாலும் நடக்கின்றன. அடியில் காங்கிரீட் இருந்தால் பிள்ளை தட்டுகிற தட்டு முழுசும் திரும்பக் காலுக்கே வரும். எல்லாராலும் மரத்தளம் போட முடியாது, தெரிகிறது. அப்படியானால் குதிக்கிற அடவுகளையாவது குறைத்து, பிரித்துச் செய்ய வைக்கலாம். பிள்ளை வலி என்று சொன்னால், "பழகப் பழகப் போயிடும்" என்று சொல்லாமல் உட்கார வைக்கலாம். தசை அசதி பழகப் போய்விடும். எலும்பின்மேல் ஒரே இடத்தில் வருகிற வலி அப்படிப் போகாது.

பெற்றோரே, உங்களிடமும் பேச வேண்டும், நானும் உங்களில் ஒருத்தி. டீச்சர்களை நாம் விடுவதில்லை. சேர்த்த ஆறாவது மாதம், "எப்ப மிஸ் சலங்கை பூஜை?" என்கிறோம். சேர்த்த மூன்றாவது வருஷம் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் கிரேடு பாஸ் பண்ணிவிட்டாள் என்று இரண்டு கிரேடை ஒன்றாகத் தாண்டச் சொல்கிறோம். ஆண்டு விழாவில் நம் பிள்ளை முன்வரிசையில் இல்லை என்றால் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளையை ஒரு வருஷம் அதே நிலையில் வைத்தால் ஃபீஸ் வீணாகிவிட்டதாக நினைத்து வகுப்பையே மாற்றிவிடுகிறோம். பிறகு எந்த டீச்சருக்குத்தான் 'இன்னும் இல்லை' என்று சொல்ல தைரியம் வரும்? தயங்காமல் சொல்கிற டீச்சர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியர்களே, ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் வாசலில் புது பேட்ச் சேர்க்கைக்குப் போர்டு மாட்டுவீர்கள். 'வயது 4 முதல்' என்று ஒற்றை வரி எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த வயதுக்கு எந்த வகுப்பு, பெரிய பிள்ளை புதிதாக வந்தால் எங்கே சேர்ப்பீர்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், எந்த நிலை தாண்டினால் மேடை என்று அந்தப் போர்டிலேயே எழுதுங்கள். இரண்டு தொடக்க வகுப்புக்கு இடமில்லை என்றால் வாரத்தில் ஒரு நாளாவது பெரிய புதுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒதுக்குங்கள். முதல் நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதன் பாதத்தையும் முட்டியையும் குனிந்து பாருங்கள். அதற்கு ஒரு டப் தண்ணீர் போதும்.

என் மகள் போன வாரம் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போது, கம்பியைப் பிடித்து நின்றபடியே, பெருவிரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தாள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
மஞ்சக்குப்பம், கடலூர்.